மேடுபள்ளம் முதலில், வண்ணம் பிறகு: கலப்பூடக வாழ்த்து அட்டை செய்யும் முறை

தடித்த பேஸ்ட், கிழித்த காகிதம், நூல், அக்ரிலிக் வண்ணம் ஆகியவற்றைச் சேர்த்து, விரலால் தடவினால் மேடுபள்ளம் தட்டுப்படும் வாழ்த்து அட்டை ஒன்றைச் செய்ய முயன்றதாகவும், அட்டை படகுபோல் வளைந்துவிட்டதாகவும், வண்ணங்கள் ஒன்றோடொன்று கலந்து சேற்று நிறமாகிவிட்டதாகவும், மடித்துத் திறந்தபோது பேஸ்ட் விரிசல்விட்டு உதிர்ந்ததாகவும் கேட்டிருந்தீர்கள். இவை மூன்றும் தனித்தனிக் கோளாறுகள் போலத் தோன்றினாலும், எந்தப் பரப்பின் மேல் எந்த வரிசையில் வேலை செய்தீர்கள் என்ற ஒரே இடத்தில்தான் பெரும்பாலும் வேர் கொண்டிருக்கின்றன. பொருள்களில் குறையில்லை; மேலும் விலை உயர்ந்த பொருள்களை வாங்கினாலும் இதே முடிவுதான் வரும்.

இந்த வகை அட்டையைப் பற்றி நான் முதலில் சொல்ல விரும்புவது, இதில் நாம் செய்வது வண்ணவேலை அன்று, நிழல்வேலை என்பதுதான். ஒரு மேடு கண்ணுக்குத் தெரிவதற்குக் காரணம் அதன் ஒரு பக்கத்தில் வெளிச்சமும் மறுபக்கத்தில் நிழலும் விழுவதே. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஆளுக்கொரு பளீர் நிறத்தைப் பூசிவிட்டால் அந்த மெல்லிய நிழல் காணாமல் போய்விடும். மெனக்கெட்டு எழுப்பிய புடைப்பு, அச்சடித்த படம்போலத் தட்டையாகத் தெரியும். எனவே புடைப்பு முழுவதையும் முதலில் முடித்து, உலரவிட்டு, அதன் பிறகு அந்தப் புடைப்பை எடுத்துக்காட்டும் அளவுக்கு மட்டும் வண்ணம் கொடுப்பதே முறை. கீழே எழுதுவதெல்லாம் இந்த ஒன்றின் விரிவுதான்.

முதலில் பரப்பு. மடிக்கும் அட்டையின் முகப்பிலேயே நேரடியாக வேலையைத் தொடங்குவதுதான் நீங்கள் செய்த முதல் தவறு என்று நினைக்கிறேன். மடிப்பை ஒட்டிய பேஸ்ட், அட்டையைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வளைக்கப்படுகிறது. எவ்வளவு நல்ல பேஸ்டும் அங்கே நாளடைவில் விட்டுக்கொடுத்துவிடும். மேலும், முகப்பு ஈரத்தில் நெளிந்தால் அட்டை முழுவதும் கெட்டது போலத்தான். இதற்கு மாறாக, வேலை முழுவதையும் தனியாக வெட்டிய ஒரு தடித்த தாளில் செய்து, உலர்ந்து தட்டையான பிறகு அதை அட்டையின் முகப்பில் ஒட்டுங்கள். தவறு நேர்ந்தால் அந்தத் தாள் மட்டும்தான் வீண். அட்டை சுத்தமாக இருக்கும்.

அளவுகளை முன்கூட்டியே முடிவு செய்வது நல்லது. ஏ4 தாள் ஒன்றை நடுவில் வெட்டினால் 148 × 210 மி.மீ. அளவுள்ள இரண்டு தாள்கள் கிடைக்கும். அவற்றில் ஒன்றை நடுவில் மடித்தால் 105 × 148 மி.மீ. அளவில் ஏ6 அட்டை ஆகிவிடும். இதற்குப் பொருத்தமான சி6 உறையின் அளவு 114 × 162 மி.மீ. முகப்பில் ஒட்டும் தாளை 95 × 138 மி.மீ. என்று வெட்டினால் நான்கு பக்கமும் 5 மி.மீ. ஓரம் மிஞ்சும். அந்த ஓரம் வெறுமையாக இருப்பது ஒரு சட்டம்போலப் பார்வைக்கும் நன்றாக இருக்கும், உறைக்குள் செருகும்போது விளிம்பு அடிபடாமலும் காக்கும்.

மடிக்கும் அட்டைக்கு 250 முதல் 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரையுள்ள வழவழப்பான அட்டை போதும். மடிக்குமுன் ஒரு சிறு சோதனை: தாளைக் கையில் வைத்து நீளவாக்கில் ஒருமுறையும் அகலவாக்கில் ஒருமுறையும் முழுதாக மடிக்காமல் மெல்ல வளைத்துப் பாருங்கள். ஒரு திசையில் எளிதாக வளையும், மறு திசையில் சற்று முரண்டு பிடிக்கும். காகிதம் தயாராகும்போது நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்துவிடுவதுதான் காரணம். எளிதாக வளைந்த திசையிலேயே மடியும்படி கோடு அமைந்தால் மடிப்பு வெடிக்காமல் சீராக வரும். கோட்டை முதலில் மை தீர்ந்த பேனா முனை போன்ற மழுங்கிய ஒன்றால் அளவுகோலை ஒட்டி அழுத்திக் கீறிவிட்டு மடிக்க வேண்டும். கீறாமல் மடித்த தடித்த அட்டை, மடிப்பில் வெண்மையாகப் பிளந்து நிற்கும்.

புடைப்பு வேலைக்கான தாள் வேறு. அதற்கு 300 ஜி.எஸ்.எம். வாட்டர்கலர் காகிதத்தைத்தான் நான் பரிந்துரைப்பேன்; ஈரத்தைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்டது அது. ஒரு மி.மீ. தடிமனுள்ள சாம்பல் நிற அட்டையும் வளையாமல் நிற்கும், ஆனால் கனம் கூடிவிடும். சாதாரண அச்சுத்தாளில் முயல வேண்டாம்.

இனி, தாள் ஏன் படகாகிறது என்பதைப் புரிந்துகொண்டால் அதைத் தடுப்பது எளிது. காகித நார் ஈரத்தை உறிஞ்சும்போது நீளவாக்கில் அதிகம் நீள்வதில்லை. குறுக்குவாட்டில்தான் நன்றாகப் பருக்கிறது. ஒரு முகத்தில் மட்டும் ஈரம் பட்டால் அந்த முகம் விரிகிறது, மறுமுகம் அப்படியே இருக்கிறது, ஆகவே தாள் பின்பக்கமாக வளைகிறது. பிறகு பூசிய அக்ரிலிக் படலம் நீரை இழந்து சுருங்கும்போது இழுவை திசை மாறி, பூசிய பக்கத்தை உள்வாங்கி வளைகிறது. நீங்கள் கண்ட படகு இந்த இரண்டாம் கட்டத்தில் உருவானது. தீர்வு, இழுவையை இரு பக்கமும் சமமாக்குவதுதான்: முன்பக்கம் ஜெஸ்ஸோ என்னும் வெள்ளை அடிப்பூச்சைப் பூசுகிறீர்கள் என்றால், வேலை தொடங்குமுன் பின்பக்கமும் அதே அளவில் ஒரு பூச்சு பூசி உலரவிடுங்கள். அதோடு, தாளின் நான்கு ஓரங்களையும் ஒட்டு நாடாவால் ஒரு பலகையில் பிணைத்துவிட்டு வேலை செய்தால் பாதி வளைவு தொடக்கத்திலேயே அடங்கிவிடும். இத்தனைக்குப் பிறகும் சற்று வளைந்தால், முழுவதும் உலர்ந்த பிறகு பின்பக்கத்தில் மட்டும் நீரை மெல்லத் தெளித்து, முகத்தின் மேல் சிலிகான் பூசிய பேக்கிங் தாளையும் மெத்தென்ற துணி மடிப்பு ஒன்றையும் வைத்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு விட்டுவைக்கலாம். துணி மடிப்பு இல்லாமல் அழுத்தினால் புடைப்பு நசுங்கிப்போகும்.

ஜெஸ்ஸோ என்பது அக்ரிலிக் பசையில் சுண்ணப்பொடியும் வெள்ளை நிறமியும் கலந்த அடிப்பூச்சு. அது தாளின் உறிஞ்சும் தன்மையைக் கட்டுப்படுத்துவதோடு, மேலே வரும் பூச்சு பற்றிக்கொள்வதற்கு மெல்லிய சொரசொரப்பையும் தருகிறது. அது இல்லாவிட்டால் வெள்ளை அக்ரிலிக் வண்ணத்தை ஒரு கை பூசலாம். பிடிமானம் சற்றுக் குறையும், அவ்வளவுதான்.

அடுத்து புடைப்பு. இதற்கு இரண்டு வழிகள் உள்ளன: ஒன்று, இருக்கும் பொருளை ஒட்டுவது, மற்றது, பேஸ்டால் எழுப்புவது. நல்ல அட்டையில் இரண்டும் இருக்கும், ஒட்டும் வேலை முதலில் வரும்.

ஒட்டுவதற்கு ஏற்றவை பெரும்பாலும் குப்பைக் கூடைக்குப் போகிறவைதாம். 1912ஆம் ஆண்டு பிக்காசோ ஓர் ஓவியத்தில் பிரம்புப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த்துணியை ஒட்டி, சுற்றிலும் சட்டத்துக்குப் பதிலாகக் கயிற்றைச் சுற்றிவைத்தபோது தொடங்கிய துணிச்சல் இது; அன்று முதல் எந்தப் பொருளும் ஓவியத்துக்குள் நுழையத் தகுதி பெற்றுவிட்டது. வாழ்த்து அட்டையில் அந்தத் துணிச்சலுக்கு ஓர் எல்லை உண்டு, ஏனெனில் இது சுவரில் தொங்காது, உறைக்குள் போக வேண்டும். மெல்லிய பொருள்களே இங்கு உகந்தவை.

டிஷ்யூ காகிதத்தை உள்ளங்கையில் கசக்கி உருட்டி, பாதி மட்டும் பிரித்து, ஈரப்பசையின் மேல் வைத்து, சுருக்கங்களை விரல்நுனியால் ஒருபக்கமாகத் தள்ளிவிட்டால் மரப்பட்டையையோ பாறையையோ நினைவூட்டும் பரப்பு கிடைக்கும். காயத்துக்குக் கட்டும் காஸ் துணியில் ஒரு துண்டை எடுத்து, குறுக்கே இழுத்து, சில இழைகளை உருவிவிட்டால் அதன் கட்டம் கோணலாகும். அந்தக் கோணல்தான் அழகு, நேராக ஒட்டினால் அது கட்டுத்துணியாகவே தெரியும். பெட்டிகளில் வரும் நெளி அட்டையின் மேல்தாளை நீரில் லேசாக நனைத்து உரித்தெடுத்தால் உள்ளே இருக்கும் அலை வரிசை வெளிப்படும்; ஆங்காங்கே உரியாமல் மிஞ்சும் தாள் சிதிலங்களை அப்படியே விட்டுவிடுங்கள். அச்சிட்ட தடித்த காகிதத்தைக் கத்தரிப்பதைவிடக் கையால் கிழிப்பது மேல். கிழிந்த இரண்டு துண்டுகளில் ஒன்றில் மட்டும் வெண்ணிற விளிம்பு துருத்தும். கிழிக்கும் திசையை மாற்றி ஓரிரு முறை பழகினால், அந்த விளிம்பு வேண்டிய துண்டிலேயே வரும்படி கை பழகிவிடும். செய்தித்தாளை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். அதில் மிஞ்சியிருக்கும் லிக்னின் என்னும் மரப்பொருள் வெளிச்சத்தில் விரைவாக மஞ்சளாகும். அந்தப் பழுப்பே வேண்டும் என்பவர்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

உலர்ந்த இலைகளும் பூக்களும் பலருக்கு ஆசைதான். ஆனால் முழுமையாக ஈரம் போகாத இலை, பசையின் கீழ் கறுத்துப் பூஞ்சை பிடிக்கும். உறிஞ்சும் தாள்களுக்கிடையில் கனத்தின் கீழ் இரண்டு மூன்று வாரங்கள் அழுத்தி உலர்த்தியதையே எடுத்து, அடியிலும் மேலிலும் மேட் மீடியம் (பளபளப்பில்லாத அக்ரிலிக் பசை) பூசிப் பதியுங்கள். இலையை ஒட்டுவதைவிட, அதன் நரம்புகளை மட்டும் எடுத்துக்கொள்வது எனக்குப் பிடித்த வழி: இலையை அடியில் வைத்து, மேலே மெல்லிய தாள் விரித்து, மெழுகு வண்ணக்குச்சியைப் படுக்கவைத்துத் தேய்த்தால் நரம்பு அப்படியே பதியும், அந்தத் தாளைக் கிழித்து ஒட்டிக்கொள்ளலாம். நாணயத்தின் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்த குழந்தைப் பருவ விளையாட்டுத்தான். மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1925இல் பழைய மரத்தரையின் கோடுகளை இப்படித் தேய்த்தெடுத்து அதைத் தம் ஓவிய முறையாகவே ஆக்கிக்கொண்டார். ஒன்றை நினைவில் வைக்கவும்: மெழுகு பட்ட இடத்தில் நீர்சார்ந்த வண்ணம் ஒட்டாது. அதைத் தெரிந்து செய்தால் உத்தி, தெரியாமல் செய்தால் விபத்து.

ஒட்டுவதற்கு நீர்த்த வெள்ளைப் பசையைவிட அக்ரிலிக் மேட் மீடியம் நல்லது. தடித்த பொருள்களுக்கு அதைவிடக் கெட்டியான ஜெல் மீடியம். அடியில் ஒரு பூச்சு, பொருளை வைத்தல், மேலே ஒரு பூச்சு, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி விரலால் அழுத்திக் காற்றை வெளியேற்றல் என்று வேலை போகட்டும். ஓரங்களில் பசை சேராத இடம் ஒன்று இருந்தாலும் பின்னால் வண்ணம் பூசும்போது அங்கேதான் தூரிகை மாட்டி இழுக்கும்.

பேஸ்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் விரிசலின் காரணம் அங்கேதான் இருக்கிறது. கடைகளில் கிடைக்கும் மாடலிங் பேஸ்ட் அல்லது டெக்ஸ்சர் பேஸ்ட் என்பது அக்ரிலிக் பசையில் நுண்ணிய கல்பொடி சேர்த்த கலவை. உலர்ந்த பிறகும் ஓரளவு வளைந்துகொடுக்கும். வீட்டிலேயே செய்ய விரும்பினால், சலித்த சுண்ணக்கட்டிப் பொடி இரண்டு பங்கு, வெள்ளைப் பசை ஒரு பங்கு, வெள்ளை அக்ரிலிக் வண்ணம் ஒரு பங்கு என்று தோராயமாகக் கலந்து, கத்தியில் அள்ளினால் வழியாமல் நிற்கும் பதம் வரும்வரை பொடியைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். பொடியைக் கொட்டும்போது தூசியை மூச்சில் இழுக்காதபடி முகத்தைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். பாரிஸ் சாந்தை (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) பயன்படுத்தியிருந்தீர்கள் என்றால் உதிர்ந்ததில் வியப்பே இல்லை. அது சில நிமிடங்களில் இறுகிவிடும், இறுகியபின் துளியும் வளையாது.

பேஸ்ட் எதுவானாலும் அதில் நீர் இருக்கிறது. நீர் போகும்போது பருமன் குறைகிறது. தடிமனாக அப்பினால் மேற்பரப்பு முதலில் தோல் கட்டிவிடும், உள்ளே இருப்பது பிறகு மெல்லச் சுருங்கும், அந்தச் சுருக்கத்துக்கு மேல்தோல் ஈடுகொடுக்க முடியாமல் வெடிக்கும். எனவே ஒருமுறைக்கு ஒரு மி.மீ. தடிமனுக்கு மேல் போகாமல், உயரம் வேண்டுமானால் உலர்ந்த பிறகு இரண்டாவது அடுக்காக ஏற்றுங்கள். அவசரப்பட்டு, கடும் சூடான காற்றை வீசும் ஹீட் கன்னைக் காட்டுவது இதே தவற்றின் வேகமான வடிவம். ஈரமான பேஸ்டுக்குள் நீராவி கிளம்பிக் கொப்புளங்கள் எழும். நிலவின் தரையைப்போன்ற குழிகள் வேண்டும் என்று சிலர் வேண்டுமென்றே அப்படிச் செய்வதுண்டு. வாழ்த்து அட்டையில் அது ஒரு மூலையோடு நின்றால் நல்லது. ஒரு மி.மீ. அடுக்குக்குச் சில மணி நேரம், அதைவிடத் தடிமனுக்கு ஓர் இரவு என்று ஒதுக்கிவிட்டு வேறு வேலை பாருங்கள்.

ஸ்டென்சில், அதாவது வடிவங்கள் துளையாக வெட்டப்பட்ட தாள், வழியாகப் பேஸ்ட் இடுவது எளிதாகத் தோன்றும், ஆனால் முதல் சில முறை எல்லோருக்கும் விளிம்பு கசியும். ஸ்டென்சிலின் இரு ஓரங்களையாவது நாடாவால் பிணைத்துவிட்டு, பேலட் கத்தியின் அடிப்பக்கத்தில் தேவைக்குச் சற்று அதிகமாகவே பேஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். கத்தியைத் தரைக்கு மிகத் தாழ்வான சாய்வில் பிடித்து, தோசைக்கல்லில் மாவைப் பரப்புவதுபோல் வட்டமாகச் சுழற்றாமல், ஒரே திசையில் ஒரே இழுப்பாக இழுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் பேஸ்ட் ஸ்டென்சிலின் அடியில் புகுந்துவிடும். துளைகள் நிரம்பியதும் கத்தியைத் துடைத்து, இன்னொரு இழுப்பில் மேல்மட்டத்தைச் சீராக்கி, எஞ்சியதை டப்பாவிலேயே திரும்பப் போட்டுவிடுங்கள். ஸ்டென்சிலைத் தூக்கும்போது ஒரு பக்க நாடாவை மட்டும் எடுத்து, மறுபக்கத்தைக் கீல்போல வைத்துக்கொண்டு, கதவைத் திறப்பதுபோல மெல்லத் தூக்குங்கள். அந்தக் கணத்தில் பேஸ்டின் விளிம்புகளில் சிறிய முட்கள்போல நுனிகள் எழும்பி நிற்கும். பதறித் தொட வேண்டாம், பாதி உலர்ந்தபின் ஈரவிரலால் ஒற்றினால் அடங்கிவிடும். ஸ்டென்சிலையும் கத்தியையும் உடனே கழுவியாக வேண்டும், ஏனெனில் உலர்ந்த அக்ரிலிக் நீரில் கரையாது. கழுவுமுன் பேஸ்டைக் காகிதத்தில் வழித்தெறிந்துவிடுங்கள். அப்படியே குழாயடியில் கழுவினால் கழிவுநீர்க் குழாய்க்குள் போய் அங்கே இறுகும்.

சாதாரண ஸ்டென்சில் தாள் கால் மி.மீ. அளவுதான் தடிமனாக இருக்கும், ஆகவே அதில் கிடைக்கும் புடைப்பும் ஏறத்தாழ அவ்வளவே. முதலில் இது போதாது என்று தோன்றும். வண்ணம் ஏறியபின் பார்த்தால், போதும் என்று மட்டுமல்ல, இதுவே சரி என்றும் தோன்றும். பேஸ்ட் ஈரமாக இருக்கும்போது பழைய சீப்பின் பற்களால் கோடிழுக்கலாம், நூற்கண்டை உருட்டலாம், பேனா மூடியால் வளையங்கள் பதிக்கலாம். இவற்றில் இரண்டுக்கு மேல் ஓர் அட்டையில் வேண்டாம்.

இங்கே என் கண்டிப்பான கருத்து ஒன்று: தாளின் மூன்றில் ஒரு பங்கையாவது அமைதியாக விட்டுவையுங்கள். புடைப்பு எங்கும் நிறைந்திருந்தால் கண் எங்கும் நிற்காது. சுற்றிலும் சமவெளி இருக்கும்போதுதான் குன்று குன்றாகத் தெரியும். ஒட்டிய காகிதம், துணி, பேஸ்ட் எல்லாம் ஒரு மூலையிலிருந்து கிளம்பி நடுவைத் தாண்டிச் சற்றுத் தள்ளி அடர்ந்து, பிறகு மெலிந்து மறைவதுபோல் அமைத்தால் பெரும்பாலும் நன்றாக வரும். சரியாக நடுவில் குவிப்பது பதக்கம் குத்தியதுபோல் இருக்கும்.

எல்லாம் உலர்ந்ததும், மேலே முழுவதும் வெள்ளை ஜெஸ்ஸோவை மெல்லியதாக ஒரு கை பூசுங்கள். அச்சிட்ட காகிதத்தின் வண்ணமும் துணியின் பழுப்பும் நெளி அட்டையின் காக்கி நிறமும் மறைந்துபோவதைப் பார்க்கத் தொடக்கத்தில் மனம் வராது. ஆனால் இந்தப் பூச்சுதான் பத்துப் பொருள்களை ஒரே பொருளாக்குகிறது. அறை விளக்கை அணைத்துவிட்டு, கைபேசியின் விளக்கைத் தாளின் ஒரு பக்கத்தில், மேசையோடு மேசையாகப் பிடித்துப் பாருங்கள். வெள்ளைத் தாளின் மேல் நிழல்கள் மட்டும் நீண்டு கிடக்கும். எது பேசுகிறது, எது வெறும் கசமுசா என்பது அந்த வெளிச்சத்தில் உடனே தெரிந்துவிடும். கூட்டுவதோ சுரண்டி நீக்குவதோ இப்போதே செய்துவிட வேண்டும். சில சமயம் இந்த வெள்ளை நிலையே போதும் என்று நிறுத்திவிட்ட அட்டைகள் என்னிடம் உண்டு. அவற்றைப் பெற்றவர்கள் வண்ணம் பூசாததைக் குறையாகச் சொன்னதில்லை.

இப்போது வண்ணம். சேற்று நிறம் வருவதற்கு இரண்டு காரணங்கள். நீலமும் ஆரஞ்சும், சிவப்பும் பச்சையும், மஞ்சளும் ஊதாவும் ஈரத்தில் கலந்தால் பழுப்போ சாம்பலோதான் ஆகும். இது எல்லோரும் அறிந்தது. இரண்டாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. வாட்டர்கலரும் சாயம் சார்ந்த மைகளும் உலர்ந்த பிறகும் நீர்பட்டால் மறுபடி கரையும். நேற்றுத் தெளித்த சாய மையின் மேல் இன்று ஈர வண்ணம் பூசினால் அடியிலிருப்பது எழும்பி வந்து கலந்துவிடும். வெள்ளை ஜெஸ்ஸோவைப் பூசினால்கூட அதன் வழியே கசிந்து மேலே வரும். அக்ரிலிக் அப்படியன்று, ஒருமுறை உலர்ந்தால் நீருக்கு அசையாது. எனவே அடுக்கடுக்காகப் பூசுவதாக இருந்தால் அக்ரிலிக்கை வைத்துக்கொள்ளுங்கள். சாய மைதான் வேண்டுமென்றால் அதைக் கடைசி அடுக்காக வையுங்கள், அல்லது அதன்மேல் மெல்லிய தெளிப்புப் பூச்சு ஒன்றை இட்டு, உலர்ந்தபின் தொடருங்கள்.

வண்ணத்தை மூன்று நடைகளாகக் கொடுப்பது என் வழக்கம். முதலில், தேர்ந்த நிறத்தின் இருண்ட சாயலை நீர்த்துப்போகக் கரைத்து, முழுப் பரப்பிலும் ஓடவிட்டு, தாளைச் சாய்த்துச் சாய்த்துப் பள்ளங்களில் தேங்கச் செய்வேன். அரை நிமிடம் கழித்து, ஈரத்துணியால் மேடுகளை மட்டும் துடைத்துவிட்டால் பள்ளத்தில் இருளும் மேட்டில் வெண்மையும் நிற்கும். உலர்ந்தபின், அதே குடும்பத்து நடுநிறம் ஒன்றை இரண்டு மூன்று இடங்களில் மட்டும் தருவேன். மூன்றாவது நடைதான் உலர்தூரிகை. தட்டையான, விறைத்த மயிர்கொண்ட தூரிகையில் வெளிர்நிற அக்ரிலிக்கை நீர் சேர்க்காமல் தொட்டு, பழைய துணியில் தேய்த்துத் தேய்த்து, இனி வண்ணமே இல்லை என்று தோன்றும்வரை துடைத்துவிட வேண்டும். அந்தத் தூரிகையைக் கிடையாகப் பிடித்து, மேடுகளுக்குக் குறுக்கே, தூசு தட்டும் அளவு அழுத்தத்தில் இழுங்கள். முதல் இரண்டு இழுப்புகளில் ஒன்றும் தெரியாது. நாலாவது ஐந்தாவது இழுப்பில் காஸ் துணியின் ஒவ்வொரு இழையும், டிஷ்யூவின் ஒவ்வொரு சுருக்கமும் தனியாக எழுந்து வரும். பொறுமையிழந்து மறுபடி வண்ணத்தைத் தொட்டால் எல்லாம் போயிற்று, பள்ளமெல்லாம் அப்பிக்கொள்ளும்.

பொன்னிறமோ செப்புநிறமோ வேண்டுமானால் உலோகநிற மெழுகுப் பசையை விரல்நுனியில் துளி எடுத்து, உச்சிகளில் மட்டும் தடவலாம். அதன்மேல் வேறெதுவும் ஒட்டாது என்பதால் அது கடைசி வேலை. மொத்தத்தில் அருகருகே இருக்கும் இரண்டு நிறங்கள், அவற்றுக்கு எதிரான ஒன்று சிறு துளியாக, இந்த வரம்புக்குள் நின்றால் வண்ணம் புடைப்பை மிஞ்சாது.

வாழ்த்துச் சொற்களை மேடுபள்ளத்தின் மேல் எழுத முயல வேண்டாம்; முத்திரையும் அங்கே பாதிதான் பதியும். வழவழப்பான வெள்ளைத் தாளில் தனியாக எழுதியோ முத்திரையிட்டோ, குறுகிய பட்டையாக வெட்டி, அமைதியாக விட்ட இடத்தில் ஒட்டுங்கள். எழுத்து புடைத்திருக்க வேண்டுமானால், மெல்ல உலரும் நிறமி மையால் முத்திரையிட்டு, ஈரம் இருக்கும்போதே எம்பாஸிங் பொடியைத் தூவி, மிஞ்சியதைத் தட்டிவிட்டு, ஹீட் கன்னால் உருக்கலாம். தலைமுடி உலர்த்தி இதற்கு உதவாது. அதன் சூடு போதாது, காற்றோ பொடியை ஊதித் தள்ளிவிடும். பட்டையைத் தனியாக வைத்தே உருக்கிவிடுங்கள், பேஸ்டின் பக்கத்தில் வேண்டாம்.

நூல் தையல் இட விரும்புகிறவர்கள் ஊசித்துளைகளை முதலில் குத்திக்கொண்டு, துளைக்குத் துளை 5 மி.மீ. இடைவெளியாவது விட வேண்டும். நெருக்கமான துளைகள் அஞ்சல்தலையின் ஓரம்போல ஆகி, அந்த வரியிலேயே தாள் கிழிந்துவரும். பொத்தான், வளையம் போன்றவை ஒன்றோடு நிற்கட்டும். நான் ஒருமுறை தடித்த உலோகப் பொத்தான் ஒன்றைப் பெருமையாக ஒட்டி அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது பொத்தான் அளவுக்கு வட்டமாகக் கிழிந்த உறையும், பொத்தான் இல்லாத அட்டையும்தான். கடித உறைகள் பிரிக்கும் இயந்திரங்களின் உருளைகளுக்கிடையே அழுந்திப் போகின்றன என்பது எனக்கு அதன் பிறகே உறைத்தது.

ஆகவே தடிமனைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். மடித்த அட்டை ஏறத்தாழ 0.8 மி.மீ., ஒட்டும் தாள் அரை மி.மீ., புடைப்பு ஒன்று முதல் ஒன்றரை மி.மீ.; தாளைச் சற்று உயர்த்திக் காட்ட ஃபோம் நாடா வைத்தால் இன்னும் ஒன்று அல்லது இரண்டு மி.மீ. எல்லாம் சேர்ந்து 5 மி.மீ. அளவைத் தாண்டாமல் இருப்பது நல்லது. பல நாடுகளில் சாதாரணக் கடிதக் கட்டணத்துக்கான தடிமன் எல்லை அதை ஒட்டியே இருக்கிறது. உறைக்குள் முகப்பின் மேல் மெல்லிய அட்டை ஒன்றை வைத்தனுப்பினால் உராய்வு குறையும். நேரில் கொடுக்கும் அட்டைக்கு இந்தக் கவலைகள் எதுவும் இல்லை.

தாளை முகப்பில் ஒட்டுவதற்கு நீர்சார்ந்த பசையைத் தவிர்த்து, இரட்டைப் பக்க ஒட்டு நாடாவையே பயன்படுத்துங்கள். இவ்வளவு பாடுபட்டு வளைவைத் தடுத்துவிட்டுக் கடைசியில் ஈரத்தைக் கொண்டுவருவானேன்? ஓரங்களை ஒட்டி நான்கு பட்டைகளும் நடுவில் குறுக்காக ஒன்றும் போதும். ஒரு பட்டையின் மேல்தாளை மட்டும் முதலில் உரித்து, நேராக இருக்கிறதா என்று பார்த்து அழுத்திய பிறகு, மற்றவற்றை உரிப்பது நல்லது.

அக்ரிலிக் தொடுவதற்கு உலர்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே முழுமையாக இறுகப் பல நாள்கள் ஆகலாம். சூட்டில் அது இளகி, அழுத்தத்தில் எதிரே இருப்பதோடு ஒட்டிக்கொள்ளும் குணமுடையது. பத்து அட்டைகளைச் செய்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவைத்து, மறுவாரம் அவற்றைப் பிரிக்க முடியாமல் விழித்தவர்களில் நானும் ஒருவன். குறைந்தது ஒரு நாள் முழுவதும் திறந்தபடி விட்டுவிட்டு, அடுக்கும்போது இடையிடையே சிலிகான் பூசிய பேக்கிங் தாளைக் கொடுங்கள். பளபளப்பான மேல்பூச்சு இந்த ஒட்டும் குணத்தைக் கூட்டும், புடைப்பின் நிழலையும் மினுமினுப்பால் கெடுக்கும். மேல்பூச்சு வேண்டுமானால் மேட் வகையே சரி.

இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது, அதைப் பெரும்பாலும் அட்டை முடிந்தபிறகே கண்டுபிடிப்போம். முகப்பில் புடைப்பு ஏறியபின் அட்டையைத் திறந்து மேசையில் வைத்தால் அது தட்டையாகக் கிடக்காது. உள்ளே எழுதும்போது பேனா ஏறி இறங்கும், அழுத்தி எழுதினால் அடியிலிருக்கும் பேஸ்டும் நசுங்கும். எனவே 95 × 138 மி.மீ. அளவில் இன்னொரு மெல்லிய தாளை வெட்டி, சொல்ல வேண்டியதை அதில் நிதானமாக எழுதி, மை காய்ந்தபின் உள்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். எழுத்துப்பிழை வந்தாலும் அந்தத் தாளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.